குளிரில் கழலாத நகம்: கோத்தகிரியில் ஒரு அக்ரிலிக் நக நிகழ்வு

தை மாதக் கல்யாணத்துக்காகக் கோவையில் வைத்துக்கொண்ட அக்ரிலிக் நகங்களை (சொந்த நகத்தின் மேல் பிளாஸ்டிக்கால் செய்யும் ஒட்டு நகங்களை), எஸ்டேட் லயன் வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், இரவோடு இரவாக எடுத்துவிட ஒரு பெண் முயன்றாள். இரண்டு நகங்கள் சேதமாயின. மிச்சம் எட்டு நகங்களை மறுநாள் என் பார்லரில் எடுத்தோம். அந்த இரவில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, பிறகு எப்படி எடுத்தோம், சேதமான நகங்கள் எப்படித் தேறின என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் எஸ்டேட்டும் வேண்டாம் என்றாள், இரண்டையும் தவிர்த்திருக்கிறேன்.

கோத்தகிரியில் தொழில் செய்கிறவள் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டு நகத்தை எடுப்பது எப்படி என்று வீடியோக்களில் சொல்லித்தரும் நேரக்கணக்கு, வெயில் ஊர்க் கணக்கு. மலையில் மார்கழி, தை மாதங்களில் அந்த நேரத்துக்குள் நகம் இளகாது. இளகவில்லை என்றதும் ஒருத்தி கத்தியை எடுக்கிறாள், இன்னொருத்தி அடுப்பைத் தேடுகிறாள். நகம் பிய்வதும் தீப்பிடிப்பதும் இந்தப் பொறுமையின்மையில்தான் ஆரம்பிக்கின்றன. இந்தப் பெண்ணின் வீட்டில் ஒரே இரவில் இரண்டுக்கும் வழி திறந்தது.

வந்தபோது இருந்த நிலை

வயது 23. நர்சிங் முடித்தவள். கல்யாணமாகி மூன்றாவது வாரம், அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு நாளில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர வேண்டும். ஒட்டு நகத்தோடு வரக்கூடாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். அது அந்த ஆஸ்பத்திரியின் தனிக் கெடுபிடி அல்ல. நோயாளிகளைத் தொட்டுக் கவனிக்கிறவர்கள் ஒட்டு நகம் வைக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009 கை சுகாதார வழிகாட்டியே சொல்கிறது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ஒட்டு நகத்தின் அடியில் கிருமிகள் தங்கிவிடும் என்பதே காரணம்.

கையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு அம்மாவோடு வந்தாள். இடது கைப் பெருவிரலிலும் மோதிர விரலிலும் அக்ரிலிக் போயிருந்தது. பெருவிரலில் அக்ரிலிக்கோடு நகத்தின் மேலடுக்குகளும் உரிந்து வந்துவிட்டன. மிஞ்சியிருந்த தகடு மெலிந்து, அடிச்சதையின் சிவப்பு அப்படியே தெரிந்தது. ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. வெந்நீர் பட்டால் உயிர் போகிறது என்றாள். மோதிர விரல் இன்னும் மோசம். நகமே நுனியிலிருந்து பாதிவரை சதையை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. தூக்கிய பகுதி வெள்ளையாகத் தெரிந்தது. ஆள்காட்டி விரலில் அக்ரிலிக் நடுவில் கீறல் விட்டிருந்தது. மற்றவை அசையாமல் இருந்தன. விரல் நுனித் தோல் எல்லாம் வெளுத்துச் செதில் விட்டிருந்தது.

சீழ் இல்லை, வீக்கம் இல்லை. கையில் எதையும் தொடுவதற்கு முன் சில கேள்விகள் கேட்டேன். சர்க்கரை இருக்கிறதா? நகம் வைத்த பிறகு விரல் நுனியிலோ கண் இமையிலோ அரிப்பு, தடிப்பு வந்ததா? இமையைப் பற்றிக் கேட்டதும் அவள் அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். அக்ரிலிக்கில் இருக்கும் மெத்தாக்ரிலேட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு விரலோடு முகத்திலும் இமையிலும் தடிப்பு வரும், நாம் கையை முகத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கிறோம் அல்லவா. அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இருக்கும். பல் அடைக்கும் பொருளிலும், மூட்டு அறுவை சிகிச்சையில் பயன்படுத்தும் எலும்பு சிமெண்டிலும் இதே குடும்பத்து ரசாயனங்கள்தான். அதனால் அரிப்பு வந்தவர்கள் பல் டாக்டரிடமும் அதைச் சொல்லியாக வேண்டும். இவளுக்கு அப்படி எதுவும் இல்லை.

அந்த இரவு

அவள் சொன்னதையும் அம்மா சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

லயன் வீட்டில் முன்னறை, பின்னால் சமையல் இடம், அவ்வளவுதான். பனி இறங்கிவிட்டதால் ஒரே ஜன்னலையும் சாத்தியாயிற்று. விறகடுப்பில் தணல் இருந்தது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவள் ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து நகத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பஞ்சு காய்ந்தது. மறுபடி நனைத்தாள். பாட்டிலே காலியாயிற்று. நகத்தின் பளபளப்புகூடக் குறையவில்லை.

பெயிண்ட் வேலைக்குப் போகும் தம்பி, வீட்டில் இருந்த தின்னரைக் கொடுத்திருக்கிறான். நல்ல எண்ணத்தில்தான். அதை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி விரல்களை முக்கினாள். எரிச்சல், தலைவலி. நகம் அசையவில்லை. தின்னர் ஐஸ் கணக்காகச் சில்லென்று இருந்ததால்தான் வேலை செய்யவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பால் சூடு ஆறாமல் இருக்க வைக்கும் அடுப்புத் திண்டில் டம்ளரை வைத்தாள்.

அந்த நேரத்தில் அவள் அம்மா வெளியிலிருந்து விறகு எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். “நொழஞ்சதும் நெஞ்ச அடச்சுது. என்ன ஏதுன்னே கேக்கல. டம்ளர தூக்கி வாசல்ல வெச்சுட்டு வந்து ஜன்னல தொறந்து விட்டேன்” என்றார். அந்த ராத்திரியில் செய்யப்பட்ட சரியான காரியம் அதுதான். கையில் இருந்த விறகை அவர் முதலில் அடுப்பில் வைத்திருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும்.

அம்மா தூங்கிய பிறகு, ஊக்கும் காய் நறுக்கும் கத்தியும் எடுத்தாள். இடது கைப் பெருவிரல் முதலில். ஓரம் கொஞ்சம் தூக்கியதும் நம்பிக்கை வந்து ஒரே இழுப்பாக இழுத்தாள். மோதிர விரலில் அதையே செய்தபோது வலியில் கை நின்றுவிட்டது.

ஏன் கழலவில்லை

அக்ரிலிக் நகம் என்பது ஒரு பொடியும் ஒரு திரவமும் சேர்ந்து இறுகிய பிளாஸ்டிக். திரவம் பெரும்பாலும் எத்தில் மெத்தாக்ரிலேட். பொடியில் பென்சாயில் பெராக்சைடு கலந்திருக்கும். அதுதான் வேதிவினையைத் தொடங்கி வைக்கிறது. லைட் எதுவும் காட்டாமலே சில நிமிடங்களில் கெட்டியாகிவிடும். பல் செட் செய்கிற பிளாஸ்டிக்கும் இதற்கு நெருங்கிய உறவுதான். இப்படி இறுகியதை அசிட்டோன் என்ற கரைப்பான் ஊறவைத்து உப்பச் செய்கிறது. உப்பினால் பிடி விடும். ஆனால் அசிட்டோன் உள்ளே போக வேண்டும், போதிய நேரம் அங்கேயே இருக்க வேண்டும், கொஞ்சம் வெதுவெதுப்பும் வேண்டும். அவளுக்கு இதில் எதுவுமே அமையவில்லை.

அவள் காலி பாட்டிலைக் கொண்டுவந்திருந்தாள். லேபிளில் ‘அசிட்டோன் இல்லாதது’ என்று பெருமையாகப் போட்டிருந்தது. சாதாரண நெயில் பாலிஷுக்கு அது நல்ல சரக்குதான், தோலை அவ்வளவாக உலர்த்தாது. அக்ரிலிக்கை அது ஒன்றும் செய்யாது. ஒரு லிட்டர் ஊற்றியிருந்தாலும் இதே கதிதான்.

இரண்டாவது, மேல்பூச்சு. கல்யாண நகங்களில் அக்ரிலிக் மேல் பளபளப்புக்காக ஜெல் டாப் கோட் போட்டு விளக்கில் காய வைத்திருப்பார்கள். அது நெருக்கமாகப் பின்னிக்கொண்ட பூச்சு. அசிட்டோன் எளிதில் ஊடுருவாது. அதை அரத்தால் தேய்த்து எடுக்காமல் சுத்த அசிட்டோனே வைத்தாலும் பாதி நேரம் வீண். வீட்டில் எடுக்க முயன்று தோற்றவர்களின் கையைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். பளபளப்பு அப்படியே இருந்தால் மேல்பூச்சைத் தேய்க்கவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, பஞ்சைத் திறந்தே வைத்தது. அசிட்டோனாகவே இருந்திருந்தாலும் இதனால் வீண்தான், அது மிக வேகமாக ஆவியாகும். சமவெளியில் அதன் கொதிநிலை 56 டிகிரி. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் இங்கே 50 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். மூடாத பஞ்சில் இருக்கிற அசிட்டோன் நகத்துக்குள் போவதைவிடக் காற்றில் போவதுதான் அதிகம். ஆவியாகும்போது நகத்தின் சூட்டையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. ஏற்கெனவே சில்லிட்ட விரல் இன்னும் சில்லிடும். குளிர்ந்தால் ஊடுருவும் வேகமும் குறையும். மலைவாசிகள் படும் பாட்டுக்கு மூலகாரணம் இந்தச் சுழல்தான்.

தின்னர் விஷயம் தனி. பெயிண்ட் தின்னர் பல கரைப்பான்களின் கலவை. டொலுவீன் கலந்தது நிறைய. மூடிய அறையில் அதை மூக்கருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தலைவலியும் கிறுகிறுப்பும் வரத்தான் செய்யும். தோலில் போடுவதற்காகச் செய்த சரக்கே அல்ல அது.

சூடு பற்றிய அவளுடைய எண்ணம் சரியானதுதான். சூட்டை எடுத்த இடம்தான் ஆபத்து. தின்னர், அசிட்டோன் இரண்டுமே எளிதில் தீப்பிடிப்பவை. அசிட்டோன் உறைகுளிரிலும் தீப்பிடிக்கும். மைனஸ் 20 டிகிரி அருகிலேயே அதன் ஆவி பற்றிக்கொள்ளும் அளவுக்கு எழுந்துவிடும். ஊட்டியில் உறைபனி விழும் காலையில்கூட அது பாதுகாப்பான குளிரில் இல்லை. அதன் ஆவி காற்றைப்போல இரண்டு மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு படர்ந்து, டம்ளர் ஒரு மூலையில் இருந்தாலும் அடுப்பு இருக்கும் மூலைக்குத் தானே போய்ச் சேரும். டம்ளரில் நெருப்பு பட வேண்டும் என்பதே இல்லை. நம் வீடுகளில் விறகடுப்பு, கரிக் கணப்பு, கம்பி சிவக்கும் ஹீட்டர், குளியலறையில் விறகு பாய்லர், சாமி விளக்கு என்று ஏதாவது ஒன்று எப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. குளிருக்கு ஜன்னலும் சாத்தியிருக்கும். அதனால்தான் இந்த வேலையை ராத்திரியில் செய்யவே கூடாது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எடுத்த விதம்

சேதமான இரண்டு விரல்களிலும் அசிட்டோன் படக்கூடாது என்று முதலில் முடிவு செய்தேன். புண் மேல் பட்டால் எரிச்சல் தாங்காது, தோல் இன்னும் உலரும். ஆறின வெந்நீரில் கழுவி, ஒற்றி உலர்த்தி, மோதிர விரலில் தூக்கி நின்ற பகுதி துணியில் மாட்டி இழுக்காமல் இருக்க நுனியை மட்டும் நகவெட்டியால் குறைத்தேன். இரண்டுக்கும் சுத்தமான துணிக் கட்டு. சாயங்காலமே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற நகங்களுக்குப் போனேன்.

அவள் அம்மா, எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் சொருகி விடலாமா என்று கேட்டார். நகச்சுற்றுக்கு நம் ஊரில் செய்வதுதான். தோல் பிய்ந்திருக்கும் விரலில் வேண்டாம் அம்மா, எரியும், ஊறிப்போய்ப் புண் ஆற நாளாகும் என்றேன். ஒத்துக்கொண்டார்.

மணி பதினொன்றரை. வெயில் ஏறியிருந்தது. என் கடைக்கு இடப்பக்கம் டீக்கடை, பஜ்ஜி அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். அதனால் பின்பக்கத் திறந்த வராந்தாவில் நாற்காலி போட்டோம். வீட்டில் செய்கிறவர்களும் இப்படி ஓர் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்: வெளிச்சம், காற்று, அக்கம்பக்கத்தில் எரிகிற எதுவும் இல்லாமை. குழந்தைகள் கைக்கு எட்டாத இடம். பாலிஷ் போட்ட மேஜை, மூக்குக்கண்ணாடி, ஃபோன் கவர் இவற்றில் பட்டால் தழும்பு விழும் என்பதால் பழைய துண்டை விரித்துக்கொண்டேன்.

நீளத்தை நகவெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ஒரே அழுத்தாக வெட்டினால் கீறல் அடிநகம்வரை ஓடும். கீறல் விட்டிருந்த ஆள்காட்டி விரலை வெட்டவே இல்லை, அரத்தால் மட்டும். பிறகு 100 கிரிட் (சொரசொரப்பின் அளவு, எண் கூடினால் மென்மை) அரத்தால் மேல்பூச்சையும் அக்ரிலிக்கின் பெரும்பகுதியையும் தேய்த்து எடுத்தேன். பளபளப்பு போய், தூள் படிந்து மங்கலானால் பூச்சு போயிற்று. அதற்குப் பிறகு 180 கிரிட். விரலில் சூடு தெரிந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். சூடு தெரிகிறது என்றால் நகத்தை நெருங்கிவிட்டோம், அல்லது அழுத்தம் அதிகம். மெல்லிய ஒரு அடுக்கு அக்ரிலிக்கை விட்டுவைப்பதுதான் சரி. அதை அசிட்டோன் பார்த்துக்கொள்ளும். தூள் மூக்கில் போகாமல் இருக்க இருவரும் மாஸ்க் போட்டிருந்தோம். மெஷின் அரம் என்னிடம் இருக்கிறது, ஆனால் வீட்டில் பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம். ஒரு நொடி கை நின்றால் நகத்தில் பள்ளம் விழுந்துவிடும்.

அடுத்து நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு எண்ணெய்க் காப்பு. சமவெளியில் வாசலின் தேடுவார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும் என்பதால், தை மாதத்தில் நம் வீட்டு எண்ணெய் பாட்டிலே வாசலின் பதத்தில்தான் இருக்கிறது. அதைச் சுரண்டி நகக்கண் ஓரங்களிலும் விரல் நுனியிலும் கெட்டியாகப் பூசினேன். நகத்தின் மேல் மட்டும் படக்கூடாது. பட்டால் அசிட்டோன் உள்ளே போகத் தடையாகும்.

சுத்த அசிட்டோன் பியூட்டி பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். பத்து விரலுக்கும் 30 மில்லி தாராளம். நகத்தின் அளவுக்கே கிள்ளிய பஞ்சை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, நகத்தின் மேல் வைத்து, அலுமினியம் ஃபாயிலால் விரல் நுனியை இறுக்கமாகச் சுற்றினேன். ஃபாயில் ஆவியை உள்ளேயே பிடித்து வைக்கிறது. சிலர் கிண்ணத்தில் ஊற்றி விரலை முக்குகிறார்கள். நகம் கழலும், ஆனால் விரல் தோல் முழுக்க உலர்ந்துபோகும், அறையெல்லாம் வாடை பரவும். அப்படித்தான் செய்வேன் என்றால் கண்ணாடிக் கிண்ணமோ எவர்சில்வரோ எடுக்கட்டும். தெர்மாகோல் கப்பில் ஊற்றினால் அடி கரைந்து மடியில் ஒழுகிவிடும்.

இனி மலைக்கான விஷயம். உள்ளறையில் காய வைத்த வெந்நீரை, கை பொறுக்கும் சூட்டில் ரப்பர் வெந்நீர்ப் பையில் ஊற்றி, மூடியைத் திருகித் துண்டில் சுற்றி, அவள் மடியில் வைத்தேன். அதன் மேல் ஃபாயில் சுற்றிய கைகள், கைகளுக்கு மேல் இன்னொரு துண்டு. வயிற்று வலிக்கும் கால் குளிருக்கும் இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற அதே பைதான். நெருப்பு வேறு அறையில், சூடு மட்டும் விரலுக்கு. பை இல்லாதவர்கள் வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கைக்கு அடியில் வைக்கலாம். அசிட்டோன் பாட்டிலை எந்தக் காரணத்துக்காகவும் சூடு பண்ணக்கூடாது, மைக்ரோவேவிலும்தான்.

இருபது நிமிடத்தில் ஒரு விரலை மட்டும் திறந்து பார்த்தேன். ஓரம் மட்டும் வெளுத்திருந்தது, திரும்பச் சுற்றிவிட்டேன். முப்பத்தைந்து நிமிடம் போனதும் திறந்தபோது அக்ரிலிக் நனைந்த அப்பளம் மாதிரி சுருங்கி, ஓரங்கள் தானாகவே எழும்பியிருந்தன. பார்க்க வேண்டிய அடையாளம் இதுதான். கடிகாரத்தை நம்பாமல் இந்தச் சுருக்கத்தை நம்ப வேண்டும். மரக்குச்சியால் நகக்கண் பக்கமிருந்து நுனியை நோக்கி மெதுவாகத் தள்ளினேன். இளகியது வழுக்கிக்கொண்டு வந்தது. இளகாதது நின்றது. நின்ற இடத்தில் குச்சியை எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சு, புது ஃபாயில், இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு விரலைத் திறந்து முடிக்கும்வரை மற்ற விரல்கள் மூடியே இருக்க வேண்டும், காற்றுப் பட்டதும் இளகியது மறுபடி இறுகிவிடும்.

“இவ்வளவுதானா அக்கா? வலிக்கவே இல்லையே” என்று கேட்டாள். வலித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் கண்ணு என்றேன். சரியாக இளகிய நகம் வலிக்காது.

வலது கைச் சுண்டுவிரலில் ஒரு பொட்டு அளவுக்கு அக்ரிலிக் ஒட்டிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை சுற்றாமல் அதை அப்படியே விட்டேன். நகம் வளர வளர அது நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுப் போகும். கடைசிப் பொட்டையும் எடுத்தே தீருவேன் என்று நகத்தைச் சுரண்டுவதால்தான் நல்ல நகமும் மெலிந்துபோகிறது. எடுத்து முடித்ததும் பஃபர் என்ற மென்மையான தேய்ப்பான் போட்டுப் பளபளப்பாக்கும் வழக்கத்தையும் நான் செய்வதில்லை. ஒரு நகத்தின் மொத்தத் தடிமனே அரை மில்லிமீட்டர் அளவுதான்.

எல்லாம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய், பிறகு கெட்டியான கிரீம். பயன்படுத்திய பஞ்சையும் ஃபாயிலையும் வராந்தாவிலேயே விரித்துக் காய விட்டுத்தான் குப்பையில் போட்டேன். ஈரப் பஞ்சை விறகடுப்பிலோ பாய்லரிலோ வீசுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அசிட்டோன் நனைந்த பஞ்சு அங்கே போகக்கூடாது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. வலது கைப் பெருவிரலில் அக்ரிலிக் வந்ததும், அடியில் நகத்தின் ஓரம் கரும்பச்சையாக இருந்தது. அம்மா பாசி என்றார். இது பாசியோ பூஞ்சையோ அல்ல, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா விடுகிற நிறம். ஒட்டு நகம் ஓரத்தில் லேசாகத் தூக்கி, இடுக்கில் ஈரம் தங்கினால் வரும். வலி இருக்காது, அதனால் மேலே போட்டிருக்கும் வரை தெரியாது. அப்படிப் பச்சையைப் பார்த்தால் அதன் மேல் மறுபடி நகமோ பாலிஷோ வைத்து மறைக்காமல், உலர்வாக வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். நோயாளிகளைத் தொடப்போகிற கைக்கு இது சாதாரண விஷயம் அல்ல.

அதற்குப் பின்

டாக்டர் மோதிர விரலில் சதையை விட்ட பகுதியை இன்னும் குறைத்து வெட்டி, களிம்பு கொடுத்து, ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பச்சை நகத்துக்குத் தனியாக மருந்து. அவள் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்னாள். புண் ஆறும்வரை வார்டில் விடாமல் மருந்து ஸ்டோர் கணக்கைப் பார்க்க வைத்தார்கள். கை சானிடைசர் பெருவிரலில் பட்டால் தீயாய் எரிகிறது என்று முதல் வாரம் ஃபோன் செய்தாள்.

தூக்கிய நகம் மறுபடி சதையோடு ஒட்டாது. பலரும் அழுத்திக் கட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். அடியிலிருந்து வரும் புது நகம்தான் ஒட்டியபடி வளர்ந்து வர வேண்டும். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். முழு நகம் மாற ஆறு மாதம் ஆகும். அதுவரை ஊக்கால் அடியில் சுத்தம் செய்யக்கூடாது, பாத்திரம் துலக்க ரப்பர் கையுறை, நுனி எப்போதும் குட்டையாக. நகத்தகடு உயிரற்ற கெரட்டின் என்ற புரதம். அதன் மேல் எதைத் தடவினாலும் பிய்ந்த அடுக்கு திரும்ப வராது. எண்ணெயும் கிரீமும் மேற்கொண்டு உடையாமல் காக்கும், அவ்வளவுதான். நகத்தை ‘மூச்சு விட’ விட வேண்டும் என்பார்கள். நகம் மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டியது அடிச்சதையின் ரத்த ஓட்டத்திலிருந்து வருகிறது. ஓய்வு தேவைப்படுவது மெலிந்த தகடு வளர்ந்து வெளியேறுவதற்காக.

பங்குனிக் கடைசியில் வந்தபோது பெருவிரலில் அடிப்பாதி சாதாரண நிறத்துக்கு வந்திருந்தது. பழைய மெலிந்த பகுதிக்கும் புதியதற்கும் நடுவே ஒரு படி தெளிவாகத் தெரிந்தது. விரலால் தடவினாலே தட்டுப்பட்டது. மோதிர விரலில் புது நகம் ஒட்டியபடி பாதியைத் தாண்டியிருந்தது. பச்சை, நுனியில் ஒரு கீற்றாக மிஞ்சியிருந்தது. ஆனி கடைசிவாக்கில் பத்தும் முழுசாக வளர்ந்தன. மோதிர விரலில் மட்டும் நீளவாட்டில் ஒரு மெல்லிய மேடு இருக்கிறது. வேரில் அடிபட்டிருந்தால் அது அப்படியே நின்றுவிடவும் கூடும்.

யார் வீட்டில் செய்யலாம், யார் கூடாது என்று அவளே கேட்டாள், தன் தோழிகளுக்குச் சொல்வதற்காக. சர்க்கரை உள்ளவர்கள், விரலில் சீழோ வீக்கமோ இருப்பவர்கள், நகம் ஏற்கெனவே சதையை விட்டவர்கள், அரிப்பு வந்தவர்கள், சொரியாசிஸ் இருப்பவர்கள் வீட்டில் முயல வேண்டாம். ஊறவைத்து எடுக்க முடியாத ஹார்டு ஜெல் வைத்திருப்பவர்களும் வேண்டாம், அதை அரத்தால்தான் எடுக்க முடியும். நாற்பது நிமிடம் சரியாக மூடி வைத்தும் கொஞ்சம்கூட இளகவில்லை என்றால், மலிவுக்காக மெத்தில் மெத்தாக்ரிலேட் கலந்த சரக்கை வைத்திருக்க வாய்ப்பு உண்டு. அது இறுகினால் கல், அசிட்டோனுக்கு எளிதில் மசியாது, இழுத்தால் நகம் அதோடு வரும். அமெரிக்காவில் 1970களிலேயே அதை நகத்தில் பயன்படுத்துவதற்கு எதிராக நடவடிக்கை எடுத்தார்கள். அப்படி இளகாத நகத்தோடு வீட்டில் மல்லுக்கட்டாமல் பழகிய கையிடம் போக வேண்டும். உடைந்த ஒட்டு நகத்தைச் சூப்பர் குளூ போட்டு ஒட்டி மேலே பஞ்சு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பசை பஞ்சில் பட்டால் சட்டென்று சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.

நகம் வைக்கும்போதே எடுப்பதற்கும் சேர்த்து நாள் குறிக்க வேண்டும் என்பது என் கட்சி. கோவையில் கல்யாணப் பேக்கேஜில் வைத்துவிட்டு அனுப்புகிறார்கள். மலைக்கு வந்த பிறகு எடுக்க யாரும் கூட வருவதில்லை. எந்தச் சரக்கு வைத்தீர்கள், மேல்பூச்சு என்ன என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டால் எடுக்கிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆவணியில் அவள் தங்கைக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். தங்கைக்கும் நீள நகம் ஆசை. அம்மாவும் பெண்ணும் சேர்ந்து வந்து கேட்டார்கள். ஒரு நாள் விசேஷத்துக்கு அக்ரிலிக் எதற்கு என்று சொல்லி, பசை இல்லாமல் ஜெல் ஸ்டிக்கரில் ஒட்டும் நகங்களை வைத்துவிட்டேன். மறுநாள் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் விரலை ஊறவைத்து, ஓரத்தில் எண்ணெய் விட்டு, அவளே வீட்டில் எடுத்துக்கொண்டாள்.